சார்ஜ் ஏறாமை: மூவார் வழக்கை முன்வைத்து ஓர் இலக்கண ஆராய்ச்சி

பாயிரம் இல்லாமல் நூல் செய்வதை நன்னூலார் ஒப்பமாட்டார். ஆக்கியோன் பெயர் தொடங்கிப் பயன் ஈறாகச் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு உறுப்பு வகுத்தவர் அவர். ஆகவே முறைப்படியே தொடங்குவோம்.

நுதலிய பொருள்: கையில் தூக்கிக்கொண்டு போகும் ஒலிபெருக்கி, அதாவது வீட்டில் எல்லாரும் ஸ்பீக்கர் என்று சொல்வது, சார்ஜ் ஏறாமை. எல்லை: வடக்கே மூவார் ஆறு, மேற்கே மலாக்கா நீரிணை, தெற்கே பாரிட் ஜாவா, கிழக்கே பக்ரி. யாப்பு: உரைநடை, இடையிடையே அதட்டல். கேட்போர்: நாளைக்குப் பிறந்தநாள் விழாவை வைத்துக்கொண்டு இன்றிரவு அலமாரிக்குள் ஸ்பீக்கரைத் தேடுபவர். பயன்: விழாவில் பாட்டு; பாட்டு வேண்டாம் என்னும் பக்கத்து வீட்டாருக்கு இந்நூலால் பயனில்லை.

‘வழி’ என்ற உறுப்பில்தான் சிக்கல். முதல்நூல் என்று ஒன்று இருந்தது. பெட்டிக்குள் நான்காக மடித்து, எறும்பெழுத்தில், பல மொழிகளில் அச்சிட்ட தாள். அது ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்த அன்றே, அட்டைப்பெட்டியோடும் ஈரம் உறிஞ்சும் மணிப்பொட்டலத்தோடும் குப்பைக்குப் போயிற்று. முதல்நூல் அழிந்தபின் வழிநூல் தோன்றுவது தமிழில் புதிதன்று என்க.

இனிச் சார்ஜ் ஏறாமையாவது யாது? வயரைச் செருகியும் விளக்கு எரியாமை என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை? விளக்குப் பழுதாகிக் கிடந்தும் ஒழுங்காக ஏறும் ஸ்பீக்கர் உண்டு. சிவப்பு விளக்கு விடிய விடிய எரிந்தும் காலையில் இரண்டு பாட்டுக்குமேல் தாங்காத ஸ்பீக்கரும் உண்டு ஆகலான். முன்னது ஏறியும் காட்டாமை. பின்னது ஏறியும் நில்லாமை. இவ்விரண்டையும் கழித்து எஞ்சியதே ஏறாமை. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் கடைக்கு ஓடுகிறவர்கள் கடைக்காரரின் சிரிப்புக்கு ஆளாவார்கள்.

மூவாரைக் களமாகக் கொண்டது ஏன் என்ற கேள்வி எழும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தொலைபேசிக் குறியீடு 07. மூவாருக்கோ மலாக்காவோடு சேர்த்து 06. மற்ற ஊர்களில் அந்தி சாய்ந்தபின் தேடிப்போகும் சாத்தேயை இந்த ஊரார் காலைப் பசியாறலுக்கே தின்கிறார்கள். இருக்கவேண்டிய இடத்தில் இராததையும் வரவேண்டிய நேரத்தில் வராததையும் முகஞ்சுளிக்காமல் ஏற்கப் பழகிய மக்கள். பழுது ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை.

ஆனால் உண்மையான காரணம் புகை.

மலையில் புகை கண்டால் அங்கே தீ உண்டு எனக் கருதிக்கொள்வது அளவை நூலாரின் பழைய எடுத்துக்காட்டு. மணிமேகலையிலும் இது வருகிறது. துணைக்கு அடுக்களையையும் இழுத்துவந்து காட்டுவார்கள். நல்ல உதாரணந்தான், மூவாருக்கு வராதவரை. 2013 ஜூன் 23ஆம் தேதி காலை மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746. 300ஐத் தாண்டினாலே ஆபத்து நிலை. அன்று மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பக்கத்திலேயே 1,276 மீட்டர் உயரத்தில் குனோங் லேடாங் நிற்கிறது. புகையும் உண்டு, மலையும் உண்டு. அளவை நூலின்படி தீ லேடாங் மலையில் இருந்தாக வேண்டும். இருந்ததோ நீரிணைக்கு அக்கரையில், சுமத்ராவின் ரியாவ் பகுதிக் காடுகளிலும் தோட்டங்களிலும். மூக்கைப் பொத்திக்கொண்டது மூவார். எரிந்தது அடுத்த நாடு.

இதை ‘மூவார் விதி’ என்று பெயரிட்டு முன்வைக்கிறேன்: குறி தோன்றும் இடத்தில்தான் குற்றமும் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை, நடுவில் ஒரு கடலே கிடக்கலாம். ஸ்பீக்கரில் விளக்கு எரியாதது புகை மட்டுமே. எரிவது எங்கே என்று தேடிப் போகவேண்டும். ஸ்பீக்கரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர் லேடாங் மலைக்குத் தண்ணீர் வண்டி அனுப்புகிறார்.

சமயக்கணக்கர் திறம்

வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளையும் தனித்தனியே போய்க் கேட்டாள். நமக்கு அந்த அலைச்சல் இல்லை. ‘ஸ்பீக்கர் ஏறலையாம்’ என்ற சொல் வீட்டில் பரவியதும் எல்லாச் சமயத்தாரும் தாமாகவே கூடத்துக்கு வந்துவிடுவர்.

முதலில் வருபவர் அடிவாதி. பெரும்பாலும் தாத்தா. “ரெண்டு தட்டு தட்டு, சரியாயிடும்” என்பது அவர் சித்தாந்தம். இதை எள்ளி நகையாடக்கூடாது. வால்வு வானொலிக் காலத்தில் இது மெய்ஞ்ஞானம். வால்வுகள் குழிக்குள் கால் ஊன்றி நின்றன. கால் துருவேறித் தொடர்பு விட்டால் ஒரு தட்டுத் தட்டியதும் சேர்ந்துகொள்ளும், மறுபடி பாட்டு வரும். இன்றைய பலகையில் எல்லாம் ஈயப்பற்று. தட்டினால் சேருவது குறைவு, விடுவது அதிகம். சித்தாந்தம் பொய்யாகவில்லை, அதன் உலகம் போய்விட்டது.

அடுத்தவர் ஊதல்வாதி. வயர் செருகும் துளையை வாயருகே வைத்து ஊதுவார். துளைக்குள் இருக்கும் தூசி வெளியே போகவேண்டும் என்பது நோக்கம். உள்ளே போவது எச்சில் ஈரம். அரிசிவாதி, பெரும்பாலும் அத்தை, ஸ்பீக்கரையே அரிசி டின்னில் புதைக்கச் சொல்வார். நனைந்த கைப்பேசியை அரிசிப் பையில் போடாதீர்கள், துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் எழுதிவிட்டது. ஆனாலும் அத்தை விடமாட்டார். “அவனுக்கு அரிசியப் பத்தி என்னடா தெரியும்?” என்பார். இந்த வாதத்துக்கு மறுப்பு இல்லை.

ரீசெட்வாதி இளையவர். ஒலியைக் கூட்டும் பொத்தானையும் பாட்டை நிறுத்தும் பொத்தானையும் சேர்த்துப் பத்து விநாடி அமுக்கிப் பிடிப்பார். இந்தச் சமயத்தார் எப்போதாவது மெய்யாகவே வெல்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் சின்னக் கணினி எங்கோ திகைத்து நின்றிருந்தால், இது அதை எழுப்பிவிடும். எந்தப் பொத்தான்களைச் சேர்த்து அமுக்குவது என்பதை முதல்நூல் சொல்லியிருந்தது. முதல்நூல் போன இடம் தெரியும்.

கடைசியாக வருபவர் புதுசுவாதி. அவர் வாதமே செய்வதில்லை. கைப்பேசியை நீட்டி, “இதப் பாருங்க, ஷாப்பீல பாதி விலை” என்பார். எல்லாச் சமயங்களையும் ஒரே மூச்சில் முடித்துவைக்கும் உலகாயதம் இது.

இவர்கள் அனைவரும் ஒருமுகமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கடைசியா யாரு சார்ஜ் போட்டா?” இது காரணம் தேடும் கேள்விபோல் தோன்றும், உண்மையில் ஆள் தேடும் கேள்வி. அந்த ஆள் கிடைத்துவிட்டால் ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடும், ஸ்பீக்கர் மட்டும் ஏறாமலே கிடக்கும். எந்த வீட்டிலும் அந்த ஆள் கடைக்குட்டிதான்.

புறத்திணை

தொல்காப்பியர் பொருளை அகம், புறம் என்று இரண்டாக்கினார். ஸ்பீக்கரின் தோலுக்கு வெளியே உள்ள குற்றம் புறம். உள்ளே உள்ளது அகம். மூவார் விதிப்படி புறத்தை முதலில் பார்க்கவேண்டும், அகத்தைப் பிறகு. அகத்தில் தொடங்குவோர் திருகாணியைக் கழற்றித் தொலைப்பார்கள்.

புறத்திணையின் முதற்பொருள் சுவர். மலேசியச் சுவர்களில் இருப்பது மூன்று துளைச் சாக்கெட். ஆங்கிலேயர் 1947இல் பிஎஸ் 1363 என்று எண்ணிட்டு வகுத்த வடிவம். அதற்கு இரண்டு சிறப்புகள். ஒன்று, மேலே உள்ள நீளமான நிலமுள் நுழைந்தால்தான் கீழே உள்ள இரு துளைகளின் கதவு திறக்கும். சின்னப் பிள்ளைகள் கம்பியை விடாமலிருக்கச் செய்த ஏற்பாடு. பாசார் மாலாம் என்னும் இரவுச்சந்தையில் வாங்கிய இரண்டுமுள் சார்ஜரைச் செருகுவதற்காகப் பேனா மூடியையோ சாப்ஸ்டிக்கையோ நிலத்துளையில் நட்டுக் கதவைத் திறக்கும் கலை இந்த நாட்டில் நன்கு வளர்ந்திருக்கிறது. கலை என்ற வகையில் வியக்கலாம். 230 வோல்ட்டோடு விளையாடுவதால் கைவிடவேண்டும். நாலு வெள்ளிக்கு அடாப்டர் கிடைக்கிறது. இப்படிச் செருகிய முள் பாதி வழியில் நிற்பதும் உண்டு, அப்போது ஏறாமை உறுதி.

இரண்டாவது சிறப்பு, சாக்கெட்டுக்கென்றே தனிச் சுவிட்ச். சுவரில் ஒரு சுவிட்ச். அதில் செருகிய எக்ஸ்டென்ஷனில் ஆளுக்கொரு சுவிட்ச். மீன்தொட்டிக்கும் வைஃபை பெட்டிக்கும் நடுவே கடைசித் துளையில் சார்ஜர் தலை. இந்த வாயில்களில் ஒன்று மூடியிருந்தாலும் மின்சாரம் திரும்பிப் போய்விடும். மின்சாரம் சேமிக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தால், வீட்டில் யாரோ ஒருவர் இரவில் சுற்றிவந்து எல்லாச் சுவிட்சையும் தட்டி அணைப்பது வழக்கம். அவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது வீட்டு நலனுக்கு ஒவ்வாது. என் கணிப்பில் மூவார் தாமான் குடியிருப்புகளில் நிகழும் சார்ஜ் ஏறாமையின் பெரும்பகுதிக்கு இதுவே காரணம். இந்தக் கணிப்புக்குச் சான்று கேட்போர் முதலில் தங்கள் சுவிட்சைப் போய்ப் பார்க்கவும்.

சுவரைத் தாண்டினால் வயர். இங்கே மணிமேகலையின் தருக்கம் மறுபடி உதவுகிறது. அன்னுவயம், வெதிரேகம் என்று இரண்டு சொல்வார்கள்: ஒன்று இருக்குமிடத்தில் மற்றதும் இருப்பது, ஒன்று இல்லாதவிடத்தில் மற்றதும் இல்லாதொழிவது. செயலில் இப்படி: அதே வயர், அதே சார்ஜர் தலை, அதே துளை, ஸ்பீக்கருக்குப் பதில் கைப்பேசியைச் செருகு. கைப்பேசி ஏறினால் சுவரும் தலையும் வயரும் குற்றமற்றவை. ஏறாவிட்டால் ஸ்பீக்கர்மேல் இன்னும் குற்றம் சொல்லமுடியாது. பிறகு ஒவ்வொன்றாக மாற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். வயரையும் தலையையும் ஒன்றாக மாற்றிவிட்டு ‘சரியாப் போச்சு’ என்பவர் எது கெட்டது என்பதைக் கடைசிவரை அறியமாட்டார். கெட்டதையும் பத்திரமாக இழுப்பறைக்குள்ளே போட்டுவைப்பார். அடுத்த தீபாவளிக்கு அதே வயர் மறுபடி வெளியே வரும்.

வயருக்காக ஓரிரு வார்த்தை பேசவேண்டும். பழைய ஸ்பீக்கர்களில் இருக்கும் மைக்ரோ யூஎஸ்பி வடிவம் 10,000 முறை செருகி எடுக்கத் தாங்கவேண்டும் என்று வகுக்கப்பட்டது. அதற்காக வடிவமைத்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: தேயக்கூடிய வில்களைக் கருவியின் துளையில் வைக்காமல் வயரின் முனையில் வைத்தார்கள். விலை மலிந்தது முதலில் சாகட்டும், விலை உயர்ந்தது பிழைக்கட்டும் என்பது கணக்கு. ஆகவே வயர் கெடுவது அதன் கடமை. அதைத் திட்டுவது புறநானூற்று வீரனை ஏன் புறமுதுகிடவில்லை என்று கேட்பதற்குச் சமம்.

யூஎஸ்பி என்ற ஏற்பாடு 1996இல் வந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதற்குப் பாடுபட்ட குழுவில் முன்னின்றவர் அஜய் பட், பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மூவார் நகரின் இன்னொரு பெயர் பண்டார் மகாராணி; சுல்தான் அபு பாக்கார் தம் அரசியை நினைந்து இட்ட பெயர். மகாராஜா பெயரில் படித்தவர் செய்த செருகி மகாராணி பெயர் கொண்ட ஊரில் செருக மறுப்பது வரலாற்றாய்வாளர் கவனிக்கத்தக்கது. இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்றால், எதற்கும் வரமுடியாது. ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு பத்தியாவது இருக்கவேண்டும் என்பது மரபு.

பெருந்திணை

கைக்கிளை முதல் பெருந்திணை ஈறாக எழுதிணை என்பது மரபு. நடுவில் உள்ள ஐந்தும் ஒத்த அன்பு. அங்கே சார்ஜ் தானாக ஏறும், ஆராய்ச்சிக்கு வேலையில்லை. நமக்கு வேண்டியவை இரண்டு ஓரங்கள். பெருந்திணை பொருந்தாக் காதல். புது ஸ்பீக்கர்களின் தலையாய நோய் இதுதான். இதை அறிந்தவர் குறைவு என்பதால் கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது.

காட்சி இது. ஸ்பீக்கரில் புது வகை டைப்-சி துளை. வீட்டில் புதுக் கைப்பேசியோடு வந்த சார்ஜர் தலையிலும் டைப்-சி துளை. வயரின் இரு முனையும் டைப்-சி. எல்லாம் புதுசு, எல்லாம் ஒரே வடிவம், எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழைகிறது. ஆனால் ஏறவில்லை. அதே ஸ்பீக்கரைப் பழைய அகன்ற துளைச் சார்ஜரில், ஸ்பீக்கரோடு வந்த குட்டை வயரால் செருகினால் உடனே சிவப்பு விளக்கு. புதுசு மறுத்ததைப் பழசு தருகிறது. அத்தை இதைப் பார்த்துவிட்டு “அந்தக் காலத்துப் பொருள் அந்தக் காலத்துப் பொருள்தான்” என்பார். முடிவு சரி, காரணம் வேறு.

2014இல் வெளிவந்த டைப்-சியில் 24 முள் உண்டு. அவற்றில் இரண்டு முள் மின்சாரம் தருவதற்கும் அல்ல, பாட்டு அனுப்புவதற்கும் அல்ல, சாடை காட்டுவதற்கு. பழைய அகன்ற துளை வெள்ளந்தி. அதில் 5 வோல்ட் எப்போதும் வாசலில் நிற்கும், யார் வந்தாலும் கொடுக்கும். டைப்-சித் தலை அப்படியல்ல. எதிரே மின்சாரம் வாங்கும் கருவி இருக்கிறது என்ற சாடை வந்தால்தான் வாயில் திறக்கும்; அதுவரை பூச்சியம் வோல்ட். அந்தச் சாடை என்ன? கருவிக்குள், அந்த இரு முள்ளிலும் ஆளுக்கொன்றாக 5,100 ஓம் மின்தடை. அவ்வளவுதான். அரிசிமணியிலும் சிறியது, விலை ஒரு காசுகூட வராது. அந்த ஒரு காசை மிச்சம் பிடித்த தொழிற்சாலையின் ஸ்பீக்கர் டைப்-சித் துளையோடு பிறந்தும் டைப்-சித் தலையோடு பேசமாட்டாது. இவளோ சாடை காட்டத் தெரியாதவள். அவனோ சாடை காட்டாமல் வாய் திறவாதவன். அகன்ற துளையோ சாடையே கேளாமல் 5 வோல்ட்டைக் கொடுத்துவிடுவதால் அங்கே கூட்டம் நடக்கிறது.

இது பாசார் மாலாம் ஸ்பீக்கருக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ணவேண்டாம். உலகெங்கும் மாணவர்கள் வாங்கும் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி 2019இல் வந்தபோது இரண்டு மின்தடைக்குப் பதில் ஒன்றை இரு முள்ளுக்கும் பொதுவாக வைத்துவிட்டார்கள். சில உயர்தர வயர்களில் செருகியதும், சார்ஜர் அதைப் பாட்டுக் கேட்கும் உபகரணம் என்று தவறாகப் புரிந்துகொண்டு மின்சாரம் தர மறுத்தது. அங்கே கணினியை ஒலிக்கருவி என்று நினைத்தது. இங்கே ஒலிக்கருவியை ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறது. பிறகு வந்த பலகையில் திருத்திவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ 2024 டிசம்பர் 28 முதல் கையடக்க ஒலிபெருக்கிகளுக்கும் டைப்-சித் துளையையே சட்டமாக்கிவிட்டது. அந்தச் சட்டத்தின் கை மூவார் பாசார் மாலாம் வரை நீளாது.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் உண்டு: 71ஆவது, அரசன் மனத்தை அமைச்சன் அறிவது, 110ஆவது, காதலி கண்ணைக் காதலன் அறிவது. ஒரே தலைப்பை வள்ளுவர் ஏன் இருமுறை வைத்தார் என்று உரையாசிரியர்கள் காரணம் சொல்லியிருக்கிறார்கள். டைப்-சியில் சாடை முள்ளும் இரண்டு என்பதை அவர்கள் யாரும் கருதவில்லை.

தீர்வு எளிது. அகன்ற துளைத் தலையும் ஒரு முனை அகன்ற வயரும் கையில் இருக்கட்டும். ஸ்பீக்கரோடு வந்த குட்டை வயரை ‘ரொம்பக் குட்டை’ என்று தூக்கி எறியவேண்டாம்.

கைக்கிளை

ஒருதலைக் காமம். பவர் பேங்க் தரத் தயாராக நிற்கிறது; ஸ்பீக்கர் மெல்ல மெல்லச் சிறிதளவே எடுக்கிறது. எடுக்கும் அளவு ஒரு வரம்புக்குக் கீழே போனால், எதிரே யாருமில்லை என்று பவர் பேங்க் தானே அணைந்துவிடும். தஞ்சோங் எமாஸ் கரையில் பாய் விரித்து, பவர் பேங்கைச் செருகிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டும் இருட்டாகக் கிடக்கும். யார்மேலும் குற்றமில்லை. பவர் பேங்கின் பொத்தானை மறுபடி அமுக்கலாம், அல்லது வீட்டுக்குப் போய்ச் சுவரில் மாட்டலாம். இதற்குமேல் கைக்கிளையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தொல்காப்பியரும் சுருக்கமாகத்தான் முடித்திருக்கிறார்.

அகத்திணை

இப்போதுதான் ஸ்பீக்கரைக் கையில் எடுக்கிறோம். எடுத்ததும் திறக்கவேண்டாம். துளைக்குள் விளக்கடித்துப் பார்க்கவும்.

மலேசியாவின் மரத்தளவாடத் தொழிலுக்குத் தலைநகர் மூவார். சோபாவும் கட்டிலும் சாப்பாட்டு மேசையும் இங்கிருந்து கப்பலேறி உலகம் சுற்றுகின்றன. கப்பலேறாதது மரத்தூள். பட்டறையில் பலகை அறுக்கும் இடத்தருகே ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுக் கேட்பது தொழிலாளரின் உரிமை. துளையை மூடும் ரப்பர் நாக்கு என்றைக்கோ கிழிந்து போனது ஸ்பீக்கரின் விதி. தூள் துளைக்குள் விழும். வயரைச் செருகும்போதெல்லாம் அது உள்ளே அமுங்கும். மாதக்கணக்கில் அமுங்கியபின் துளையின் அடியில் ஒரு குட்டிப் பலகையே உருவாகிவிடும். வயர் நுழையும், ஆனால் கடைசி அரை மில்லிமீட்டர் போகாது. ‘டக்’ என்ற ஓசை கேட்காது. வயரை ஒருபக்கம் சாய்த்து, அடியில் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தால் மட்டும் ஏறுகிறது என்றால் இதுதான் நோய். மருந்து: ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிண்டி எடுப்பது. ஊசி ஆகாது. மரத்தூளை மரத்தாலேயே எடுக்கவேண்டும் என்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

துளையில் பச்சை படிந்திருந்தால் அது கடல். ஆற்றுமுகத்து உப்புக் காற்றும் வியர்த்த கையும் செய்த வேலை. ‘ஐபிஎக்ஸ்7’ என்று பெட்டியில் போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். அது நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை, நீரிணையில் அல்ல. அதுவும் ரப்பர் நாக்கு இருக்கும்வரை.

பிறகு பேட்டரி. 1991இல் சோனி முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி வகை. அதற்கு வழிகோலிய குடினஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. முழுக்க ஏறினால் 4.2 வோல்ட், வழக்கமாக 3.7. சுமார் 2.5க்குக் கீழே இறங்கினால் காவல் சில்லு கதவைச் சாத்திவிடும். தைப்பூசத்துக்கு எடுத்த ஸ்பீக்கரைத் தீபாவளி வரை தொடாமல் வைத்திருந்தால் இந்த நிலை வரும். அணைத்து வைத்தாலும் உள்ளே துளித்துளியாய்க் கசிவு நடந்துகொண்டே இருக்கும். இப்படிக் கிடந்த பேட்டரிக்குச் சார்ஜ் சில்லு எடுத்ததும் முழு மின்சாரத்தையும் தராது. பல நாள் பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சி ஊற்றுவதுபோல, வழக்கமானதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கொடுத்துப் பார்க்கும். அந்த நேரத்தில் சில ஸ்பீக்கர்களில் விளக்கே எரியாது. இங்கேதான் பலர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு “செத்துப்போச்சு” என்று சான்றிதழ் கொடுத்து வயரைப் பிடுங்குகிறார்கள். அரைமணி, ஒருமணி நேரம் கண்முன்னாலேயே செருகி வைத்திருக்கலாம். மீண்டால் மீளும்.

வெயிலும் ஒரு காரணம். மதியம் காருக்குள் கிடந்த ஸ்பீக்கரை எடுத்துவந்து உடனே செருகினால், சூடறியும் சில்லு உள்ளவை 45 பாகைக்கு மேல் சார்ஜ் வாங்க மறுக்கும். மின்விசிறிக்குக் கீழே வைத்தால் போதும். குளிர்பெட்டியில் வைப்பது அரிசிவாதியின் தங்கை மகள் கண்டுபிடித்தது, அதைப் பின்பற்றவேண்டாம்.

ஸ்பீக்கரின் வயிறு உப்பியிருந்தால் மட்டும் நகைச்சுவை நிற்கட்டும். செருகாதே, அமுக்காதே, குத்தாதே. வீட்டுக்கு வெளியே, எரியாத தரையில் வைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோ.

கடை

மூவார்க் கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கும் ஒரு சந்துக்கடை. கடை முதலாளியான தௌக்கே ஒரு வார்த்தையும் பேசாமல் ஸ்பீக்கரை வாங்கினார். முதலில் தம் வயரைச் செருகினார். பிறகு தம் சார்ஜர் தலையை மாற்றினார். நடுவில் ஒரு சின்ன மீட்டர், அதில் 5.0 வோல்ட், 0.00 ஆம்பியர். துளைக்குள் எட்டிப் பார்த்தார். அதன்பிறகுதான் திருகாணி. அவர் மணிமேகலை படித்திருக்க வாய்ப்பில்லை. வெதிரேகம் அவர் விரலில் இருந்தது. உள்ளேயிருந்து 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பேட்டரியை எடுத்து மீட்டரின் இரு கம்பிகளையும் வைத்தார்.

“பாஸ், இனி பத்ரி சுடா கோங் லா.”

“துக்கார் பெராப்பா?”

“திகா புலோ.”

பேட்டரி போச்சு, மாற்ற முப்பது வெள்ளி. கோங் என்றால் என்ன என்று மூவாரில் எந்தத் தமிழருக்கும் உரை எழுதத் தேவையில்லை. புதுப் பேட்டரி என்று அவர் மேசைமேல் வைத்த இரண்டில் ஒன்றின் தோலில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. இந்த அளவுள்ள உருளையில் உலகின் தலைசிறந்த தொழிற்சாலையாலும் அதில் பாதியைக்கூட அடைக்க முடிந்ததில்லை. தண்டியலங்காரம் படித்தவர்களுக்கு இது அதிசய அணி. மற்றதில் 2,600 என்று அடக்கமாகப் போட்டிருந்தது. அதையே போடச் சொன்னால் தௌக்கே நம்மைக் கொஞ்சம் மரியாதையோடு நிமிர்ந்து பார்ப்பார்.

பலகையே போய்விட்டது என்றால் மாற்றுவதில் பயனில்லை. அப்போது ஸ்பீக்கர் இலக்கணத்தின் கையிலிருந்து சட்டத்தின் கைக்குப் போகிறது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் இறந்த பொருள்களுக்குத் திணை துறை வகுத்திருக்கின்றன. மின்னணுக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 110. லித்தியம் பேட்டரிக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 103. வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்கவேண்டும்.

குறிப்பறிதல் 110ஆம் அதிகாரம்; சாடை காட்டத் தெரியாமல் செத்த ஸ்பீக்கரின் எண்ணும் 110. இதைத் தற்செயல் என்பாரும் உளர். அவர்கள் 103ஐக் காட்டி மடக்குகிறார்கள்: திருக்குறளின் 103ஆம் அதிகாரம் குடிசெயல்வகை, குடும்பத்தை உயர்த்துவது பற்றியது, பேட்டரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இதை வீட்டில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது கடைக்குட்டி, “ஸ்பீக்கர் ஓடுனாத்தானே மாமா எல்லாரும் ஹால்ல இருக்காங்க, இல்லாட்டி ஆளுக்கொரு ரூமு” என்றான். இதைச் சான்றாக ஏற்பதா வேண்டாமா என்று ஆய்வுக்குழு இன்னும் முடிவு செய்யவில்லை. குழுவில் நான் ஒருவனே.